வம்பு என்கிற விசாரணை

தமிழில் துப்பறியும் கிழவி இல்லை. நூறாண்டுத் துப்பறியும் நாவல் மரபில் சாமியார் துப்பறிந்திருக்கிறார், வக்கீல் துப்பறிந்திருக்கிறார், தேநீரை விடாமல் குடிக்கும் கோட்டுக்காரர் துப்பறிந்திருக்கிறார். அறுபது வயதைக் கடந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊசியும் நூலுமாக வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி துப்பறிந்ததில்லை. ஏன் என்று ஒரு கருத்தரங்கில் மாணவி ஒருத்தி கேட்டபோது, மேடையிலிருந்த மூத்த பேராசிரியர் சொன்ன பதில் இது: “நம்ம ஊர்க் கிழவிங்க துப்பறிய மாட்டாங்கம்மா, வம்பளப்பாங்க.” அரங்கம் சிரித்தது.

அந்தப் பதிலை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அது ஒரு முழுமையான கோட்பாடு. ஆண் கவனித்தால் துப்பு, பெண் கவனித்தால் வம்பு. ஆண் நான்கு பேரிடம் கேட்டால் விசாரணை, பெண் கேட்டால் ஊர்க்கதை. அவன் நினைவில் வைத்திருந்தால் சாட்சியம், அவள் வைத்திருந்தால் மனசில் வைத்துக் கறுவுவது. இந்தக் கோட்பாட்டின் மேல் நம் நாவல்கள் மட்டும் நிற்கவில்லை, அரசு அலுவலகங்களும் நிற்கின்றன. நாவல்களில் அதனால் நமக்கு நஷ்டம் ஒரு கதாபாத்திரம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அதனால் நஷ்டப்படுவது மூச்சு.

முதலில் நாவல்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேலைநாட்டுக் குற்றக்கதைகளைத் தமிழுக்கு இழுத்துவந்த காலத்திலேயே ஒரு பெண் அந்தக் களத்தில் இறங்கினார். ஐந்து வயதில் மணம் முடிக்கப்பட்டு, பள்ளிக்கூடம் போகாமல், எழுதப் பழகுமுன்பே கதை சொல்லத் தெரிந்த வை.மு. கோதைநாயகி அம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் வந்த ‘வைதேகி’யில் துப்பறியும் கதையின் கூறுகள் நிறைய உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவரை இலக்கிய வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. பெண் எழுதிய குற்றக்கதைக்கு அங்கே கிடைத்த இடமே அவ்வளவுதான்.

பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த். எண்பதுகளில் பெட்டிக்கடைக் கயிற்றில் மாதநாவல்கள் தொங்கத் தொடங்கியதும் பெண்களும் உள்ளே வந்தார்கள். ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா. சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கு சுசீலா. என் தலைமுறைப் பெண்கள் பலர் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் இவர்கள். எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். துப்பறியும் பெண் இளமையாக இருந்தாக வேண்டும், பக்கத்தில் ஓர் ஆண் இருந்தாக வேண்டும். சுசீலாவின் மூளையைவிட அவள் பனியனில் எழுதியிருக்கும் வாசகத்தைத்தான் வாசகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வயதான பெண்ணுக்கு அந்த நாவல்களில் மூன்று வேலைகள்தாம்: முதல் அத்தியாயத்தில் கொலையாவது, பிணத்தைப் பார்த்து அலறுவது, அல்லது எதிர் வீட்டு அம்மாவாகவோ பூக்காரம்மாவாகவோ வந்து, “சிவப்பு கலர் காருங்க, ராத்திரி பத்து மணி இருக்கும்” என்று ஒரு தகவல் தருவது. அந்தத் தகவல் இல்லாவிட்டால் கதை நகராது. தகவலைத் தந்தவளுக்குப் பெயர்கூட இருக்காது.

ஆங்கிலத்தில் இந்த இடத்தை அகதா கிறிஸ்டி நிரப்பினார். மிஸ் மார்பிள் 1927இல் சிறுகதையில் வந்து 1930இல் நாவலுக்குள் நுழைந்தவர். கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக மூலையில் உட்கார்ந்திருப்பார். கிராமத்தில் பார்த்த சின்னச் சின்ன அற்பத்தனங்களை வைத்துப் பெரிய குற்றங்களைக் கண்டுபிடிப்பார். தன் பாட்டியின் வயதான தோழிகளைப் பார்த்துத்தான் அவரைப் படைத்ததாகக் கிறிஸ்டி எழுதியிருக்கிறார். இன்று அந்த விதையிலிருந்து ஒரு பெருந்தோப்பே முளைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பெண் சிற்றூருக்குக் குடிபோகிறாள், ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகுகிறாள், அந்தத் தையல் வட்டத்தில் யாரோ செத்துப்போகிறார்கள், அவள் துப்பறிகிறாள். இப்படி நூற்றுக்கணக்கான நாவல்கள். வாசிக்க இதமாகத்தான் இருக்கின்றன. அந்த இதம் எதிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அவளுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. சொந்த வீடு இருக்கிறது. மார்பிளுக்கு வீட்டு வேலைக்குப் பணிப்பெண்ணே இருக்கிறாள். குற்றவாளி எப்போதும் தனி மனிதன்; அவனைப் பிடித்துக் கொடுத்தால் ஊர் மறுபடி சுத்தமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி அத்தியாயத்தில் காவல்துறை அதிகாரி வந்து அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பான். இந்தக் கடைசிக் கற்பனைதான் எல்லாவற்றிலும் பெரிய கற்பனை.

அந்தக் கற்பனையைக் கிறிஸ்டிக்கு முன்பே உடைத்தவர் அமெரிக்காவின் சூசன் கிளாஸ்பெல். 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஹொசாக் என்ற விவசாயி தூக்கத்திலேயே கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி மீது வழக்கு. இளம் நிருபராக அந்த வழக்கைப் பற்றிச் செய்திகள் எழுதிய கிளாஸ்பெல், 1916இல் ‘ட்ரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகமாகவும் அடுத்த ஆண்டு சிறுகதையாகவும் அதை மாற்றினார். தலைப்புக்கு ‘அற்ப விஷயங்கள்’ என்று பொருள். ஷெரீபும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் களஞ்சியத்திலும் தடயம் தேடுகிறார்கள். இரண்டு பெண்கள் அடுக்களையில் நிற்கிறார்கள். கைதானவள் பாதியில் விட்டுப்போன ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்து, இதை எப்படித் தைத்து முடிப்பதாக இருந்தாள் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆண்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒரே சீராகப் போன தையல் ஒரு துண்டில் மட்டும் கோணல்மாணலாகக் கிடப்பதைப் பெண்கள் பார்க்கிறார்கள். கை நடுங்கிய நேரம் அது. பிறகு தையல் பெட்டிக்குள் கழுத்து முறிக்கப்பட்ட பறவை. கொலைக்கான காரணம் முழுதும் துணியில் எழுதப்பட்டிருந்தது. ஆண்களுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பெண்கள் படித்தார்கள், படித்ததை மறைத்தார்கள். அன்று அயோவாவில் பெண்கள் ஜூரியாக உட்கார முடியாது. கேட்க ஆளில்லாத நீதிமன்றத்துக்கு உண்மையைக் கொண்டுபோய் என்ன செய்வது?

சரி, இது வெளிநாட்டுக் கதை, நம் மரபில் இப்படியொரு பெண் இல்லை என்பார்கள். தமிழ் படித்தவள் என்ற முறையில் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘வம்பு’ என்பது சங்கத் தமிழில் புதிது, நிலையில்லாதது என்ற பொருளில் வந்த சொல். தொல்காப்பிய உரியியல் அதற்கு நிலையின்மை என்றே பொருள் தருகிறது. காலமல்லாத காலத்து மழை வம்ப மாரி, புதிதாக வந்த மோரியர் வம்ப மோரியர். ஊருக்குள் புதிதாக, முறை தவறி வரும் ஒன்றைக் குறித்த சொல், அப்படி ஏதோ வந்திருக்கிறது என்று கண்டு சொல்லும் பெண்ணின் பேச்சைக் குறிப்பதாக இன்று சுருங்கிவிட்டது. புதியதை முதலில் கண்டவள் மேலேயே பழி விழுந்திருக்கிறது.

அகப்பாடல்களில் ஊர்ப்பெண்கள் பேசிக்கொள்வதற்கு அம்பல், அலர் என்று இரண்டு பெயர்கள் உண்டு. இறையனார் களவியல் உரை இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. மொட்டுப்போல முகிழ்த்து வெளிப்படாமல் கிடப்பது அம்பல். இன்னாரோடு இன்னாருக்கு இன்னது என்று விளங்கச் சொல்வது அலர். சந்தேகம் ஒரு நிலை, ஆள் அடையாளம் தெரிந்து வெளிப்படையாகச் சொல்வது அடுத்த நிலை. புலனாய்வு அதிகாரி இதைத்தான் வேறு பெயர்களில் செய்கிறார். அலர் வெறும் வாய்ப்பேச்சாகவும் நிற்பதில்லை. தலைவனை வரைவுக்குத் தள்ளும் சமூக அழுத்தம் அது. ஏமாற்றிவிட்டுப் போக நினைப்பவனைப் பொறுப்பேற்க வைக்கும் வேலையை ஊர்ப்பெண்களின் வாய் செய்திருக்கிறது.

செவிலியைப் பாருங்கள். மகளின் உடல் மெலிவைக் கவனிக்கிறாள், தோழியைக் கேட்கிறாள், கட்டுவிச்சியிடம் போகிறாள். மகள் உடன்போக்கில் போய்விட்டால் பாலைவழியில் எதிரே வருகிறவர்களை நிறுத்தி இன்னின்ன அடையாளமுள்ள இருவரைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். வயதான ஒரு பெண், தடம் பற்றி, ஆள் ஆளாய் விசாரித்துக்கொண்டு காட்டுவழியில் நடக்கிறாள். இவளைத் தாய்ப்பாசத்தின் உருவமாக மட்டுமே வகுப்பறைகளில் நடத்திவருகிறோம்.

தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய தடயவியல் காட்சியும் ஒரு பெண்ணுடையதே. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சொல்லி, அவையிலேயே உடைத்துக் காட்டி, அரசு செய்த தவறான தண்டனையை மெய்ப்பித்தவள் கண்ணகி. பொருள்சான்று, ஒப்பீடு, திறந்த அவையில் நிரூபணம், எல்லாம் இருந்தன. நாம் அவளைக் கற்புக்கரசி ஆக்கிக் கும்பிட்டோம். அவள் கொண்டுபோன சான்றைப் பற்றிப் பேசுவதைவிட அவள் மூட்டிய தீயைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. திருவொற்றியூர்க் கோயிலில் உள்ள வட்டப்பாறையம்மனைக் கண்ணகி என்றே ஊரில் நம்புகிறார்கள். கோபம் தணியாமல் வந்தவளை அங்கே அமர்த்தினார்கள் என்பது கதை. சான்றோடு வந்த பெண்ணைச் சாந்தப்படுத்தி உட்கார வைப்பது அந்த ஊருக்குப் பழக்கமானதுதான் போலிருக்கிறது.

அந்த ஊரில்தான் என் பெரியம்மா இருக்கிறாள். ராயபுரத்துக்காரி. மாநகராட்சிப் பால்வாடியில் ஆயாவாக இருந்து 2009இல் ஓய்வு பெற்றாள். குடியிருந்த ஓட்டு வீட்டு வளவில் எது காணாமல் போனாலும் முதல் புகார் அவளிடம்தான் வரும். சைக்கிள், தண்ணீர்க் குடம், கோபித்துக்கொண்டு போன பையன், சீட்டுப்பணம் கட்டாமல் ஓடிப்போன குடும்பம். காசிமேட்டில் கூடை இறக்கும் பெண்களிடம் இரண்டு வார்த்தை, பால் பூத்காரரிடம் ஒரு வார்த்தை, சாயங்காலத்துக்குள் பாதி வழக்கு முடிந்துவிடும். ஓய்வு பெற்றதும் எர்ணாவூரில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ராயபுரத்தின் நெரிசலில் வாழ்ந்தவளுக்கு அது வேற்றூர். தெரிந்த முகம் இல்லை, விசாரிக்க வழக்கு இல்லை. “இன்னாத்த பாக்கறது, லாரியத்தான் பாக்கணும்” என்பாள். கைக்கு வேலை வேண்டுமே என்று பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை தைக்கத் தொடங்கினாள். தையற்கடைப் பிட்டுத்துணிகளை மேலே ஒட்டுப்போடுவாள். பேரப்பிள்ளைகளுக்கு விரிக்க, போர்த்த, தூளிக்குள் மெத்தையாய்ப் போட.

துணி தைக்கிறவளுக்குத் துணியின் அழுக்கு முக்கியம். ராயபுரத்தில் இருந்தபோதே மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கறுப்பு படிவதைப் பார்த்தவள் அவள். துறைமுகத்து நிலக்கரித் தூள் என்று அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. கரி வடக்கே போனது, அவளும் வடக்கே வந்திருந்தாள். கொடியில் காயும் துணி பேசியது. நகரத்தின் மையத்துக்கு வேண்டாதது எங்கே தள்ளப்படும் என்பதை அவள் ஆய்வறிக்கை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பிறகு வாடைகள். அவள் தினசரிக் காலண்டர்த் தாள்களில் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு வாடைக்கும் ஒரு பெயர். அழுகின முட்டை, கேஸ், பெயின்ட், மூத்திரம், கருகின ரப்பர். நேரம் எழுதுவாள். யாருக்குக் கண் எரிந்தது, எந்தக் குழந்தை வாந்தி எடுத்தது என்று எழுதுவாள். காற்று எந்தப் பக்கம் என்பதற்கு மாடிக்கொடியில் போட்ட போர்வைதான் கருவி. மேற்கிலிருந்து அடித்தால் போர்வை கடல் பக்கம் புடைக்கும். அன்றைக்கு வருவது மணலி வாடை. கடற்காற்று எழுந்தால் அது விலகும். மார்கழியில் வடக்கிலிருந்து வந்தால் எண்ணூர்ப் பக்கம். கிழித்த தாளையெல்லாம் பில் கம்பியில் கோத்து வைத்திருக்கிறாள்.

வேதியியல் படித்தவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடின் அடையாளம். சமையல் எரிவாயு வாடை மெர்காப்டன் வகையைக் காட்டும். மூத்திர நெடி அம்மோனியா. முப்பது வருடம் பால்வாடிக் குழந்தைகளின் துணி மாற்றியவளுக்கு அந்தக் கடைசி நெடியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் கறுப்பாய் அப்பியது. கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நிற்பவர்கள். அவர்களுடைய கருவி அவர்களுடைய கைதான். அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், படகு சரிசெய்ய 10,000, வாழ்வாதாரம் பாதித்த மற்றக் குடும்பங்களுக்கு 7,500. படகுக்கு ஒரு விலை இருந்தது. எண்ணெயில் ஊறிய கைக்கும் தோலுக்கும் தனியே ஒரு வரி இல்லை. துணி துவைக்கும் பெண்கள், கழுவிக் கழுவியும் போகாத கறை என்று காட்டிய புடவைகளை யாரும் சான்றாக எடுத்துப்போகவில்லை.

அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களை எழுப்பியது எந்த அபாயச் சங்கும் இல்லை, மூக்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. 67 டன்னுக்கும் மேல் அம்மோனியா வெளியேறியது என்று நிபுணர் குழு பின்னர் கணக்கிட்டது. ஆலையை மூடச் சொல்லி மக்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். அவர்களைப் படமெடுத்த ஊடகங்கள் ‘கதறல்’ என்று தலைப்பிட்டன. தேதியும் நேரமும் சொல்லி ஒரு பெண் கொடுத்த வாக்குமூலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கதறல்.

அடுத்த ஆண்டு அக்டோபர் இறுதியில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ வாயு நெடியில் பிள்ளைகள் மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். நவம்பர் தொடக்கத்தில் பள்ளியைத் திறந்த அன்றே மறுபடி அதே கதை. கருவிகள் வந்தன, வாகனங்கள் வந்தன. ‘மர்ம வாயு’ என்று செய்தித்தாள்கள் எழுதின. துப்பறியும் நாவலின் சொல் அது. மர்மம் என்று ஒன்றை அறிவித்துவிட்டால், அங்கேயே பத்திருபது வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசி, எந்த நேரத்தில், எந்தக் காற்றில், என்ன வாடை என்று தெருத்தெருவாகக் கேட்பதுதானே முதல் வேலை? கருவி வந்து சேர்வதற்குள் வாயு கலைந்துவிடும். கலையாமல் நிற்பது நினைவு மட்டும்தான். அந்த நினைவு பெரும்பாலும் பகல் முழுதும் வீட்டிலும் தெருவிலும் இருக்கும் பெண்களுடையது.

பெரியம்மாவின் தாள்களைத் தட்டச்சு செய்து, தேதி வாரியாக அட்டவணையாக்கி, நானே ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போயிருக்கிறேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், இது சப்ஜெக்டிவ். இன்ஸ்ட்ருமென்ட் ரீடிங் இருந்தா குடுங்க.” வாசலில் நின்ற பெரியம்மாவைப் பார்த்து, “வயசானவங்க, வீட்ல சும்மா இருக்கறதால தோணும்” என்றார். ஒப்புகைச்சீட்டு கேட்டேன். புகாராக இருந்தால்தான் ஒப்புகை, இது தகவல்தானே என்றார். கருத்தரங்கு மேடையில் கேட்ட வாக்கியத்துக்கும் இதற்கும் சொல்லில்தான் வேறுபாடு. அவர் வம்பு என்றார், இவர் சப்ஜெக்டிவ் என்றார். வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டாள்: “மெசின் வச்சிருக்கறவன் யாரு? நாத்தம் வுடறவன்தானே? அவன் குடுப்பானா ரீடிங்கு?” சுற்றுச்சூழல் ஒழுங்குமுறையைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

மூக்கைச் சான்றாக்க முடியாதா? முடியும், நம் மாநிலத்திலேயே ஆக்கியிருக்கிறார்கள். கடலூர் சிப்காட் பகுதிக் கிராம மக்கள் 2004இல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். வாடையைப் பெயரிட்டு, நேரமும் காற்றின் திசையும் உடல் உபாதையும் சேர்த்துப் பதிவேடு வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, வாடை வந்த நிமிடத்தில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அந்தக் காற்றில் இருந்தன. மூக்கு சொன்னதை ஆய்வகம் உறுதிசெய்தது. அந்த வாளி அமெரிக்காவில் 1995இல் பிறந்தது. லூசியானாவின் நார்கோ என்ற சிற்றூரில் ஷெல் ஆலையின் வேலியோரம் வாழ்ந்த மார்ஜி ரிச்சர்ட் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியை அதே வகை வாளியைக் கையிலெடுத்தார். 2002இல் அந்த நிறுவனம் குடியிருப்பை இடம்பெயர்க்கப் பணம் தர ஒப்புக்கொண்டது. ஓய்வு பெறும் வயதுப் பெண், சிற்றூர், துப்பு, தண்டனை. இதைவிடச் சரியான துப்பறியும் கதை எது? 2004இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அதே ஆண்டு அதே விருதைப் போபாலின் ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் பெற்றார்கள்.

போபால் என்றதும் தையலுக்கு வர வேண்டும். 1984 விஷவாயுவுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மறுவாழ்வு என்று அரசு கொடுத்தது தையற்கூடங்கள். கணவனை இழந்த, நுரையீரல் கெட்ட பெண்கள் இயந்திரத்தின் முன் வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பேசினார்கள். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த மாத்திரை, எந்தக் குழந்தை எப்படிப் பிறந்தது என்று கதை கதையாய்ச் சேர்த்தார்கள். அந்தக் கூடங்களுக்காக எழுந்த போராட்டத்திலிருந்துதான் போபால் காஸ் பீடித் மகிளா உத்யோக் சங்கடன் என்ற பெண்கள் அமைப்பு வளர்ந்தது. சிலி நாட்டில் பினோசே ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார்கள், அவர்களுடைய பழைய துணிகளை ஒட்டுப்போட்டுக் கைது, தேடல், சித்திரவதை என்று படங்களாகத் தைத்தார்கள். பெண்களின் கைவேலைதானே என்று ராணுவம் முதலில் கண்டுகொள்ளவில்லை. அந்தத் துணிகள் எல்லை தாண்டிப் போய் உலகத்துக்குச் சாட்சி சொல்லின. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த தமிழ்த் தாய்மார்களும் கையில் வைத்திருந்தது கோப்புகள்தாம். யார், எந்தத் தேதி, எந்த முகாம், எந்த வண்டி. அந்தப் பட்டியலை அரசு தயாரிக்கவில்லை, அம்மாக்கள் தயாரித்தார்கள்.

ஆகவே தையல் எனக்குப் பகையில்லை. எதிர்ப்பது அதைக் கொடுக்கும் விதத்தை. வட சென்னையில் எந்த ஆலையும் பெண்களுக்கு நன்மை செய்ய நினைத்தால் முதலில் நடத்துவது தையல் வகுப்பு. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதிலிருந்து இயந்திரம் வருகிறது, சான்றிதழ் வருகிறது, குத்துவிளக்கேற்றும் புகைப்படம் வருகிறது. காற்றை அளக்கும் கருவி வருவதில்லை. சாம்பலும் எண்ணெயும் கழிமுகத்தை அடைத்ததால் தொழில் இழந்த பெண்ணுக்கு, ‘மாற்று வாழ்வாதாரம்’ என்று ஜாக்கெட் தைக்கச் சொல்லித் தருகிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தைப்பாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. தையல்காரியின் கண்ணைப் பற்றித் தெரியாதவர்களின் நம்பிக்கை அது.

பெண்ணியவாதிகளாகிய நமக்கும் இதில் வேலை இருக்கிறது. கல்லூரிக்குள் பெண்ணெழுத்து என்று பேசும்போது கவிதையையும் தன்வரலாற்றையும் எடுத்துக்கொள்கிறோம். காலண்டர்த் தாளை எடுத்துக்கொள்வதில்லை. வீடு, அடுக்களை, வாசல் எல்லாம் பெண்ணை அடைத்த இடங்கள் என்று சரியாகவே சொல்லிவந்தோம். அடைபட்ட இடத்திலிருந்து அவள் எதைப் பார்த்தாள், எதை எழுதி வைத்தாள் என்று போதுமான அளவு கேட்கவில்லை. வயதான பெண்ணை ஒன்று பாட்டியாக்கிக் கதை கேட்டோம், இல்லையேல் மருமகளை அடக்கும் மாமியாராக்கித் திட்டினோம். அவளும் ஒரு சாட்சி, ஒரு புலனாய்வாளர் என்ற நினைப்பு நம் எழுத்திலும் அரிதாகவே வந்திருக்கிறது.

கேட்க வேண்டியவை எளியவை. வாடைப் பதிவேட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகாராக ஏற்று, எண் போட்டு, ஒப்புகைச்சீட்டு தர வேண்டும். தேதி, நேரம், காற்று, உபாதை என்ற நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும், அதற்கு அவளுக்கு ஊதியம் வேண்டும். இலவச உழைப்பாய் அதையும் அவள் தலையில் கட்டக் கூடாது. ஆலை ஆய்வுக்குப் போகும் குழுவில் அந்தக் குப்பத்துப் பெண்கள் இருக்க வேண்டும், பார்வையாளராக இல்லை, கேள்வி கேட்கும் உரிமையோடு. தையல் இயந்திரத்துக்குச் செலவாகும் பணத்தில் காற்று அளக்கும் கருவி வாங்கி, அதன் சாவி அவர்களிடமே இருக்க வேண்டும். ஒரு கசிவு விசாரிக்கப்படும்போது முதல் வாக்குமூலம் ஆலை மேலாளரிடம் வாங்குவது நிற்க வேண்டும். முதலில் மூச்சுத் திணறியவரிடம் வாங்க வேண்டும்.

இவை எதுவும் நடக்காதவரை ‘மர்ம வாயு’ என்ற சொல்லை நாம் ஏற்கக் கூடாது. எர்ணாவூரில் அது மர்மம் இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கத்துக் காற்று என்று கம்பியில் கோத்துத் தொங்குகிறது. அதைப் படிக்க மறுப்பவர்களுக்கு மட்டும்தான் அது மர்மம். படிக்க மறுப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்பதுதான் துப்பறிதலின் முதல் பாடம். கிழவிகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.